சைகையும் சைகைமொழியும்: கையறி கருவிகள் எழுப்பும் கலைச்சொற் சிக்கல்

கண்முன் கற்பனை உலகொன்றைக் காட்டும் மெய்நிகர் கருவிகளும், கண்முன் உள்ள உலகின்மேல் படங்களையும் எழுத்துகளையும் படியவைத்துக் காட்டும் மிகைமெய்க் கருவிகளும், பயன்படுத்துவோரின் வெறுங்கையை அறிந்து அதன்வழி இயங்கும் நிலையை இன்று எட்டியுள்ளன. விசைப்பலகையும் கைப்பிடியும் இன்றியே, விரலை நீட்டினால் ஒன்று தேர்வாகிறது. இரு விரல் கூடினால் ஒன்று பற்றப்படுகிறது. இந்நுட்பம் பற்றிய ஆங்கிலக் கையேடுகளும் கட்டுரைகளும் தமிழாகும்போது 'ஹேண்ட் டிராக்கிங்', 'ஜெஸ்சர்', 'சைன்' என்னும் மூன்றும் பெரும்பாலும் ஒரே சொல்லில் வந்து அடங்கிவிடுகின்றன. அச்சொல் 'சைகை'. கை எங்கே இருக்கிறது என்று அறிவதும் சைகை அறிதல். கையால் ஏவும் கட்டளையை அறிவதும் சைகை அறிதல். செவித்திறனற்றோர் பேசும் மொழியை அறிவதும் சைகை அறிதல். இம்மூன்றும் ஒன்றல்ல என்பதையும், இவற்றை வேறுபடுத்தத் தமிழில் முன்னரே ஒரு பகுப்பு உண்டு என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தைச் சார்ந்து அமைகின்றன.

அவ்வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சித்தூர், புத்தூர், நகரி, சத்தியவேடு ஆகிய பகுதிகளில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டிலும் ஒரே கடைத்தெருவிலும் புழங்குகின்றன. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. சத்தியவேடு வட்டாரம் 1960ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்புக்கு முன்னர்ச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அது புதிய திருப்பதி மாவட்டத்தில் அமைந்தது. கணினிப் பார்வை பயிலப்படும் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 2013இல் அங்கேயே, ஸ்ரீசிட்டியில் தொடங்கப்பெற்றது. 2015இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஏர்ப்பேட்டில் உள்ளது. திருப்பதி நகரிலோ, தேவஸ்தானம் நடத்தும் இசை நடனக் கல்லூரியும், அதே தேவஸ்தானம் நடத்தும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் உள்ளன. கையைக் கணக்கிடுவோர், கையால் அபிநயிப்போர், கையால் பேசுவோர் ஆகிய மூவரையும் இவ்வளவு சிறிய பரப்பில் காணுமிடம் அரிது.

கருவி காண்பது

கையைக் கணினிக்கு அறிவிக்கும் முயற்சி கையுறையில் தொடங்கியது. 1977இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான சேயர் கையுறையில், விரல்களின் வழியே செல்லும் வளையும் குழாய்களில் ஒளி பாய்ச்சப்பட்டது. விரல் மடங்கினால் மறுமுனையில் ஒளி குறையும். அக்குறைவே மடக்கத்தின் அளவு. 1987 அளவில் வி.பி.எல். நிறுவனம் 'டேட்டாகிளவ்' என்னும் கையுறையை வெளியிட்டது. 1989இல் குழந்தைகளின் விளையாட்டுக் கருவியாகவே ஒரு கையுறை கடைக்கு வந்தது.

கையுறை போய்க் கேமரா வந்ததே அடுத்த மாற்றம். 2013இல் விற்பனைக்கு வந்த 'லீப் மோஷன்' என்னும் சிறு கருவி, அகச்சிவப்பு ஒளியில் கையைப் படமெடுக்கும் இரு கேமராக்களைக் கொண்டது. 2019 இறுதியில் 'ஓக்குலஸ் குவெஸ்ட்' என்னும் தலையணி, தன் இருப்பிடத்தை அறிவதற்கென வைத்திருந்த கேமராக்களைக் கொண்டே கையையும் அறியத் தலைப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஆப்பிள் விஷன் புரோ', கண்ணால் நோக்கி விரலால் இசைவு தெரிவிக்கும் முறையையே தன் அடிப்படை இயக்கமாகக் கொண்டது.

இக்கருவிகள் கையை எவ்வாறு அறிகின்றன என்பதை மொழியியலார் ஓரளவேனும் தெரிந்துகொள்வது பயன்தரும். கூகுள் நிறுவனத்தின் 'மீடியாபைப்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது முதலில் விரலைத் தேடுவதில்லை; உள்ளங்கையைத் தேடுகிறது. விரல்கள் மடங்கியும் விரிந்தும் உருமாறுவன. உள்ளங்கையோ பெரிதும் உருமாறாதது. ஆதலின் எளிதில் அகப்படுவது. உள்ளங்கை அகப்பட்டபின், அதனைச் சூழ்ந்த படப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, மணிக்கட்டில் ஒன்றும் விரலுக்கு நான்குமாக 21 புள்ளிகளின் இடங்களை மதிப்பிடுகிறது. தலையணிகளுக்கான பொதுத் தரமாகிய 'ஓப்பன் எக்ஸ்.ஆர்.' கைக்கு 26 புள்ளிகளை வரையறுத்துள்ளது. பெருவிரலுக்கு நான்கு, ஏனைய விரல்களுக்கு ஐந்தைந்து, மணிக்கட்டு, உள்ளங்கை என்பது அக்கணக்கு.

இங்கு 'மதிப்பிடுகிறது' என்னும் சொல்லை வேண்டுமென்றே ஆண்டுள்ளோம். ஒரு விரலின் பின்னே மறைந்த விரலைக் கேமரா காண்பதில்லை. பயிற்சியில் கண்ட ஆயிரக்கணக்கான கைகளைக் கொண்டு, மறைந்த விரல் இவ்விடத்தில் இருக்கக்கூடும் என்று அது கருதலளவையால் துணிகிறது. தருக்க நூலார் மொழியிற் கூறின், கருவி தரும் 21 புள்ளிகளுள் சில காட்சி, சில அனுமானம். இரண்டையும் ஒரே வகை எண்களாகவே அது வெளியிடுகிறது. இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது துணிவு தவறுவது இதனாலேயே.

மறைவு என்னும் இச்சிக்கலைத் தென்னாட்டு மாட்டுச் சந்தைகளை அறிந்தோர்க்கு எளிதில் விளக்கலாம். விற்பவரும் வாங்குபவரும் துண்டினடியில் கைகோத்து, விரல்களைத் தொட்டும் அழுத்தியும் விலை பேசுவர். அது கையால் நிகழும் எண்வழக்கு. ஆனால் பிறர் காணாமைக்கென்றே அமைந்தது. எத்துணைக் கேமராக்களை வைத்தாலும் அதனை அறிய இயலாது. பழைய கையுறை ஒருவேளை அறியக்கூடும். கையுறையை விடுத்துக் கேமராவைக் கொண்டபோது தொடுகையை இழந்து தோற்றத்தை மட்டும் பெற்றோம். இது பெரும்பாலான விளக்கக் கட்டுரைகளில் சொல்லப்படுவதில்லை.

சுட்டுவிரல் ஒன்று, வினை மூன்று

புள்ளிகள் கிடைத்துவிட்டன, சுட்டுவிரல் நீண்டிருக்கிறது, ஏனைய விரல்கள் மடங்கியுள்ளன என்பதும் தெரிந்துவிட்டது. இதன் பொருள் என்ன?

மெய்நிகர்க் கருவிக்கு அது ஓர் அம்பு. விரல் நுனியிலிருந்து நேர்க்கோடு ஒன்றை நீட்டி, அது எப்பொத்தானைத் தொடுகிறதோ அதனைத் தேர்கிறது. திருப்பதி நடனக் கல்லூரி மாணவிக்கு அது 'சூசி' என்னும் முத்திரை. ஊசி என்பது அதன் சொற்பொருள். ஒன்று என்னும் எண் முதலாகப் பலவற்றை இடத்திற்கேற்பக் குறிப்பது. செவித்திறன் குறைந்தோர் பள்ளி மாணவர்க்கோ அது பெரும்பாலும் மாற்றுப்பெயர். விரல் தன் மார்பை நோக்கினால் நான். எதிரிலிருப்பவரை நோக்கினால் நீ. வெற்றிடம் ஒன்றை நோக்கினால், சற்றுமுன் அவ்விடத்தில் 'இருத்தப்பட்ட' ஒருவர். கைவடிவம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. கருவி தரும் எண்களிலும் வேறுபாடு மிகுதியாக இராது. வேறுபாடு முழுவதும், அக்கை எந்த அமைப்பினுள் நின்று இயங்குகிறது என்பதில் உள்ளது.

தமிழில் அவ்விரலின் பெயரே சுட்டுவிரல். தெலுங்கில் 'சூபுடு வேலு', அதாவது காட்டும் விரல். இலக்கணத்தில் சுட்டு என்பது அ, இ, உ என்னும் மூன்றெழுத்து எனத் தொல்காப்பியம் வகுத்தது. கணினித் துறையினர் இவ்வுறவை 1980இல் தம் வழியில் கண்டனர். அவ்வாண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் போல்ட் என்பவர் உருவாக்கிய அமைப்பின் பெயரே 'அதை அங்கே வை' எனத் தமிழாகும். நாற்காலியில் அமர்ந்தவர் சுவரளவான திரையை நோக்கிக் கைநீட்டி அவ்வாறு சொன்னால், 'அதை' எது, 'அங்கே' எங்கு என்பவற்றை அவர் கையிலிருந்து கணினி அறிந்துகொண்டது. சுட்டுச்சொல்லின் பொருள் வாக்கியத்தில் இல்லை, கையில் உள்ளது என்னும் உண்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை எனலாம்.

இவ்விடத்தில் தமிழுக்குக் கூடுதல் வாய்ப்பொன்று உண்டு. இருவர் தத்தம் ஊரில் இருந்தவாறே ஒரே மெய்நிகர் அறையில் நின்று ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதாகக் கொள்வோம். எனக்கருகில் உள்ளது இது. இருவர்க்கும் சேய்மையில் உள்ளது அது. உன் கையருகே உள்ளது எது? இன்றைய தமிழகத் தமிழிலும் சித்தூர்த் தமிழிலும் இதற்குத் தனிச்சொல் வழக்கில் இல்லை. யாழ்ப்பாணத் தமிழில் 'உது' வாழ்கிறது. மெய்நிகர் அறைக்கான தமிழ் இடைமுகத்தில் இச்சொல்லை மீட்டுக்கொள்வது பழமை பாராட்டுவதாகாது. தேவை கருதியதே ஆகும்.

உரையாசிரியர் பகுப்பு

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், ஆடலாசிரியன் அறிந்திருக்க வேண்டிய கைகளை விரிவாக எடுத்துரைக்கிறார். ஒற்றைக்கையாகிய பிண்டி 33 என்றும், இரட்டைக்கையாகிய பிணையல் 15 என்றும் எண்ணிப் பெயர் கூறுகிறார். வடமொழி அபிநய தர்ப்பணம் ஒற்றைக்கை 28 எனக் கூறுவதால், இது வேறொரு மரபின் பட்டியல் என்பது தெளிவு. நமக்கு இங்கு எண்ணிக்கையைவிட முதன்மையானது பயன் நோக்கிய பகுப்பு. அழகு தோன்றக் காட்டும் கை எழிற்கை. தொழில் தோன்றக் காட்டும் கை தொழிற்கை. பொருள் தோன்றக் காட்டும் கை பொருட்கை. ஒரே கைவடிவம் இம்மூன்றிலும் வரலாம் என்பதை உணர்ந்தால் இப்பகுப்பின் கூர்மை விளங்கும். அது வடிவத்தை வகைப்படுத்தவில்லை. கை மேற்கொள்ளும் பணியை வகைப்படுத்துகிறது.

கையறி கருவிகளின் மூன்று நிலைகளும் இதனோடு பெரிதும் பொருந்துகின்றன. மெய்நிகர் உலகில் நம் கையின் உருவம் நம் கையோடு சேர்ந்து அசைவது முதல் நிலை. அவ்வசைவுக்குத் தனிப்பொருளும் விளைவும் இல்லை. தோற்றம் ஒன்றே நோக்கம். எழிற்கைக்கு இது நெருக்கமானது. கை ஒன்றைப் பற்றுதல், தள்ளுதல், திறத்தல் இரண்டாம் நிலை, அது தொழிற்கை. கை சொல்லாதல் மூன்றாம் நிலை, அது பொருட்கை.

தொழிற்கையின் இயல்பை விளக்க நம் கதைகளில் பஸ்மாசுரனைவிடச் சிறந்த சான்று கிடையாது. மோகினி ஆடிய அபிநயத்தை அவன் அப்படியே பின்பற்றினான். அவளுக்கு அது எழிற்கை. அவனுக்கோ, தொட்டதை எரிக்கும் வரம் பெற்றமையால், அதுவே தொழிற்கையாகிவிட்டது. மெய்நிகர்க் கருவியை அணிந்தவர் பேசும்போது இயல்பாகக் கையசைத்து, எண்ணாத பொத்தானை அழுத்திவிடுவது இவ்வகைத் தவறே. 2016இல் வந்த முதல் 'ஹோலோலென்ஸ்' கருவியை உருவாக்கியோர் இதற்கு அஞ்சி, இயல்பான உரையாடலில் எளிதில் வாராத கையசைவொன்றை முகப்புப் பட்டியலைத் திறப்பதற்கென ஒதுக்கினர். விரல் நுனிகளை ஒன்றுகூட்டி மேல்நோக்கிப் பின் விரிப்பது அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மலர்தல்' எனப் பொருள்படுவது. கூம்பிய கைக்கு முகுளம், அதாவது மொட்டு, எனப் பெயரிட்ட மரபினர்க்கு இப்பெயரீடு புதுமையாகத் தோன்றாது.

எனினும் ஒப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் கூடாது. நடன முத்திரைகளே செவித்திறனற்றோர் மொழிக்கு மூலம் என்றும், இரண்டும் ஒன்றே என்றும் கூறுவோர் உளர். இது பிழை. நடனத்தின் பொருட்கை, பாடப்படும் சாகித்தியத்தைச் சார்ந்து நிற்பது. பாட்டை நீக்கினால் அதன் பொருள் தளர்ந்துவிடும். சைகைமொழி எப்பாட்டையும் எப்பேச்சையும் சார்ந்து நிற்பதில்லை. தனக்கெனச் சொற்களஞ்சியமும் தொடரமைப்பும் உடையது. திருமலையில் மூலவரின் வலக்கை விரல்கள் கீழ்நோக்கித் திருவடியைக் காட்டி நிற்பதைக் காணும் அடியவர், தமிழராயினும் தெலுங்கராயினும் கன்னடராயினும், அதனைச் சரணாகதி எனப் பொருள்கொள்வர். அது மரபறிவால் பெறும் பொருள். அக்கையைக் கொண்டு மறுநாள் புதியதொரு வாக்கியம் அமைக்க இயலாது. மொழிக்கை புதிய வாக்கியங்களை நாள்தோறும் அமைக்கிறது.

அபிநய தர்ப்பணத்தை ஆனந்த குமாரசுவாமியும் ஆந்திரத்தின் துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவும் 1917இல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, தலைப்பில் அபிநயம் என்பதற்கு 'ஜெஸ்சர்' என்னும் சொல்லை இட்டனர். உடல், சொல், அணிகலன், மெய்ப்பாடு என்னும் நான்கையும் உள்ளடக்கிய ஒரு கருத்து உடலசைவு ஒன்றாகச் சுருங்கியது. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்விடம் வழுக்கும் என்பதற்கு இது சான்று.

கையால் பேசும் மொழி

1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்து, அதன் சொற்களைக் கைவடிவம், இடம், அசைவு என்னும் பொருளற்ற கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். பேச்சுமொழியில் ஒலியன் செய்யும் பணியை இவை செய்கின்றன. உள்ளங்கை நோக்கும் திசை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. இந்தியச் சைகைமொழி பற்றி 1970களின் இறுதி தொடங்கி மதன் வசிஷ்டரும் ஜேம்ஸ் உட்வர்டும், பின்னர் உல்ரிக்க ஸேஷனும் ஆராய்ந்து, அது பல நகரங்களில் சொல்வேறுபாடுகளுடன், ஆயின் பொதுவான இலக்கணத்துடன், வழங்குவதைக் காட்டினர். தமிழ், தெலுங்கு எல்லையை அது பின்பற்றுவதில்லை. திருப்பதிப் பள்ளி மாணவரும் சென்னைப் பள்ளி மாணவரும் எழுதும் மொழி வேறு. கையால் பேசுங்கால் அவ்வேறுபாடு இல்லை.

அம்மொழியின் இலக்கணத்துள் இரண்டை மட்டும் இங்குக் கூறலாம். 'கொடு' என்னும் வினை, கொடுப்போர் இடத்திலிருந்து பெறுவோர் இடத்துக்குக் கை செல்வதால் எழுவாயையும் நான்காம் வேற்றுமைப் பொருளையும் ஒருங்கே உணர்த்துகிறது. தமிழில் விகுதியும் உருபும் செய்வதை அங்கே திசை செய்கிறது. வினாச்சொல் தொடரின் இறுதியில் வருகிறது. ஆம், இல்லை என விடை வேண்டும் வினாவோ தனிச்சொல் இன்றிப் புருவத்தாலும் தலையின் சாய்வாலும் உணர்த்தப்படுகிறது.

புருவத்தால்! மெய்நிகர்த் தலையணி மறைப்பது சரியாக அப்பகுதியையே. 26 புள்ளிகளையும் பிழையின்றிப் பெற்ற கருவியும், 'நீ வருகிறாய்' என்பதையும் 'நீ வருகிறாயா' என்பதையும் வேறுபடுத்த இயலாமற் போகலாம். ஆகாரத்தை உதிர்த்துவிட்டுத் தமிழை எழுதுவது போன்றது இது. சில தலையணிகள் உட்புறக் கேமராக்களால் கண்ணையும் முகத்தையும் ஓரளவு அறியத் தொடங்கியுள்ளன. எனினும் அவை எல்லாக் கருவிகளிலும் இல்லை. செவித்திறனற்றோர் இதற்கெனக் காத்திருக்கவில்லை. 'வி.ஆர்.சாட்' முதலான மெய்நிகர் அரங்குகளில் கூடிய அவர்கள், கருவி அறியக்கூடிய கைவடிவங்களுக்கேற்பத் தம் சொற்களைத் திரித்து வழங்கி வருகின்றனர். விரல்களின் மடக்கத்தை அறிந்து, இடைவெளியை அறியாத கைப்பிடிகளே அவர்களிடம் இருந்தமையால், விரல் விரிப்பால் வேறுபடும் சொற்களுக்கு மாற்று வடிவம் தேட வேண்டியதாயிற்று. எழுத்தாணியும் ஓலையும் எழுத்தின் வடிவை மாற்றியதை அறிந்த நமக்கு, கருவி ஒரு கிளைவழக்கைத் தோற்றுவிப்பது வியப்பன்று. கண்முன் நிகழ்வதே புதுமை.

இந்தியச் சைகைமொழியைக் கணினிக்கு அறிவிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட 'இன்குலூட்' என்னும் தொகுப்பு, 263 சொற்களுக்கு 4,287 காணொளிகளைக் கொண்டது. தஞ்சை சாஸ்திரா பல்கலைக்கழக ஆய்வாளர் 2021இல் வெளியிட்ட தொகுப்பு 100 வாக்கியங்களை எழுவர் காட்டிய 700 காணொளிகளால் ஆனது. கான்பூரிலிருந்து 2024இல் வந்த 'ஐசைன்' ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட காணொளி வாக்கிய இணைகளைத் தந்துள்ளது. அரசின் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. தனிச்சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு நகரும் இவ்வரிசையைக் கவனிக்க வேண்டும். சொல்லை அறியும் கருவி மொழியை அறியும் கருவியாகாது.

சொல் ஒன்றாகக் கலந்துவிடுவதன் தீங்கு இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. 2016இல் அமெரிக்க மாணவர் இருவர் செய்த கையுறையொன்று சைகைமொழியைப் பேச்சாக மாற்றும் கருவி எனப் பரிசு பெற்றது. அது சில சொற்களின் கைவடிவங்களை மட்டுமே அறிந்தது, முகத்தையும் இடத்தையும் அறியாதது என்று சைகைமொழி ஆசிரியர்கள் வெளிப்படையாக மறுத்தெழுதினர். ஆங்கிலத்தில் 'சைன்', 'ஜெஸ்சர்' என இரு சொற்கள் இருந்துமே இக்குழப்பம் நேர்ந்தது. 'சைகை' என ஒரே சொல்லை வைத்திருக்கும் நம்மிடையே, இருபது கையசைவுகளை அறியும் கருவி 'சைகையை அறியும் கருவி' என்னும் பெயருடன் ஒரு மருத்துவமனைக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ வரின், சைகைமொழி பெயர்ப்பாளர் இனித் தேவையில்லை என அங்குள்ளோர் முடிவு செய்ய எவ்வளவு நேரமாகும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தொடர்புகொள்ளும் வழிகளுள் சைகைமொழியையும் சேர்த்துள்ளது. அவ்வுரிமை கலைச்சொல் பிழையால் குறைவுபடலாகாது.

சொல் தேர்வு

'டிராக்கிங்' என்பதற்குக் கண்காணிப்பு, பின்தொடர்தல், தடமறிதல் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. கண்காணிப்பு காவல்துறையை நினைவூட்டுகிறது. தடம் என்பது சென்றது விட்டுச்சென்ற சுவடு; இக்கருவியோ கை இக்கணம் எந்நிலையில் உள்ளது என்பதையே மதிப்பிடுகிறது. ஆதலின் 'கைநிலை அறிதல்' எனலாம். கருவி 'கையறி கருவி' ஆகும். இங்குச் சித்தூர் இருமொழியாளர்க்கு ஒரு சுவையான இடர் உண்டு. தெலுங்கில் 'ஜாட' என்றால் சுவடு, தடம், துப்பு. 'ஜாட தெலியலேது' என்றால் போன இடம் தெரியவில்லை. தமிழில் 'ஜாடை' கையாலும் கண்ணாலும் காட்டும் குறிப்பு; முகச்சாயலும் ஆகும். ஒரு மொழியில் தடமாகவும் மறுமொழியில் குறிப்பாகவும் நிற்கும் இவ்விரு சொற்களும் ஒரு மூலத்தனவா என்பது வேறு ஆய்வு. பெயர்ப்பாளர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒலியை நம்பிச் செல்லலாகாது என்பதே இங்கு வேண்டுவது.

பெருவிரலும் சுட்டுவிரலும் நுனி கூடும் அசைவு பல கருவிகளில் 'தேர்க' என்னும் கட்டளை. ஆங்கிலத்தில் அது 'பின்ச்'. கிள்ளுதல் எனப் பெயர்ப்பது பொருந்தாது, கிள்ளினால் வலிக்கும். உப்பை எடுக்கும் அளவுக்கு நாம் வழங்கும் 'சிட்டிகை' இயல்பானது. ஆனால் தெலுங்கில் 'சிடிகெ' விரற்சொடக்கு. 'சிடிகெடு' என்பதே உப்பின் அளவு. தமிழிலும் சிட்டிகைக்குச் சொடக்கு என்னும் பொருள் உண்டு. சொடக்குக்கும் தனிக் கட்டளை வைத்திருக்கும் கருவியில் இது குழப்பும். சின்முத்திரை என்பது வடிவத்தைச் சரியாகக் காட்டினும், ஆசிரியன் உபதேசிக்கும் கையைக் கடைப்பொருள் தேர்வதற்குப் பெயராக்குவது பொருத்தமாகத் தோன்றவில்லை. 'விரல் கூட்டுக' என வினையாகவே சொல்லிவிடுதல் நன்று.

'ஜெஸ்சர்' கட்டளையாக வருமிடத்தில் 'தொழிற்கை' எனவோ, அது பொதுவாசகர்க்கு அருஞ்சொல்லாயின் 'கையசைவுக் கட்டளை' எனவோ ஆளலாம். மக்கள் பேச்சில் இயல்பாக எழும் அசைவுக்குச் 'சைகை', 'ஜாடை' என்பவை இருக்கட்டும். 'சைன்' என்பதற்குத் தனியே சைகை என்று எழுதாமல், எப்போதும் 'சைகைச்சொல்' என்றும் 'சைகைமொழி' என்றும் முழுமையாக எழுத வேண்டும். தெலுங்கில் 'சைகல பாஷ', 'சம்ஞா பாஷ' என்னும் இரண்டும் வழங்குகின்றன. பின்னது, அசைவினின்று மொழியைப் பிரித்துக்காட்ட உதவுகிறது. தமிழில் 'ஊமைச் சாடை' எனப் பழையோர் கூறிய தொடரைக் கைவிட்டதைப் போன்றே, 'சைகை காட்டினார்' என்பதையும் இவ்விடத்தில் கைவிடலாம். சைகைமொழியில் ஒருவர் சொன்னார், கேட்டார், மறுத்தார், கேலி செய்தார் என எழுதுவதற்குத் தடை யாதுமில்லை.

இவ்வேறுபாடு ஒரு சிறு அறிவிப்பிலும் செயற்படும். கை கேமராவின் எல்லையை விட்டு நீங்கியதும் தலையணி ஓர் எச்சரிக்கையைக் காட்டும். விளையாட்டிலோ வரைகலையிலோ அதனைக் 'கை தென்படவில்லை. கையை முன்னே கொணர்க' எனத் தமிழாக்கினால் போதும். சைகைமொழிக்கென அமைந்த செயலியில், பேச்சின் நடுவே அதே எச்சரிக்கை வந்தால், அங்கு நேர்ந்தது ஒரு சொல் காதில் விழாமற் போனதற்கு ஒப்பானது. அங்கு எழுத வேண்டியது: 'மீண்டும் சொல்லுங்கள்.'